மண்ணு சூடு பத்தலன்னா மொளகா எப்படி மொளைக்கும்?

இந்த தடவ வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம் தான், வெத போட்டேன் மொளைக்கல, வெத போட்டேன் அழுகிருச்சு. மழ மாசம் வந்தாலே இப்படித்தான் வரும். நெறைய பேரு வெத வித்த கடைக்காரர திட்டி எழுதிருக்கீங்க, சில சமயம் வெத பழசா இருக்கும் தான், ஆனா நீங்க எழுதுன விவரத்த வச்சு பாத்தா முக்கால்வாசி பேருக்கு பிரச்சன வெதையில இல்ல, மண்ணு சூட்டுல தான் இருக்கு. அதனால இந்த தடவ அத மட்டுமே எடுத்துக்குறேன். கறிவேப்பில புழு பத்தி கேட்டவங்களுக்கு அடுத்த இதழ்ல கண்டிப்பா எழுதுறேன்.

கேள்வி: அக்கா, நான் தாப்பாவுல பொறந்து வளந்தவ, கல்யாணம் ஆயி கேமரன் மலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆவுது. அம்மா வீட்டுல இருந்து சிலி பாடி (அதான் குட்டி மொளகா) வெத, கத்திரிக்கா வெத எல்லாம் எடுத்துட்டு வந்து வீட்டுக்குள்ள ஜன்னல் பக்கத்துல டிரேயில போட்டேன், கூடவே கடையில வாங்குன தக்காளி வெதையும் போட்டேன். தக்காளி வந்துருச்சு. மொளகாவும் கத்திரியும் மூணு வாரமா ஒண்ணும் காணோம். அதே வெதைய அம்மா அங்க போட்டா பத்து நாள்ல வருது. மாமி எனக்கு கை ராசி இல்லன்னு சொல்றாங்க, கேக்க கஷ்டமா இருக்கு. — வாசகி, ரிங்லெட்

பதில்: கை ராசிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா, மொதல்ல அத மனசுல இருந்து எடுத்துரு. நீ எழுதுனதுக்குள்ளயே பதில் இருக்கு பாரு, ஒரே டிரே, ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஆனா தக்காளி வந்துச்சு மொளகா வரல. தக்காளி கொஞ்சம் குளிரு தாங்குற சாதி, மண்ணு 15 டிகிரி இருந்தா கூட 2 வாரத்துல எட்டி பாத்துரும், 20 இருந்தா 8 நாள் போதும். மொளகா அப்படி இல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல முன்னாடி ஒவ்வொரு காய்கறி வெதையையும் வேற வேற சூட்டுல போட்டு எத்தன நாள்ல மொளைக்குதுன்னு எண்ணி ஒரு பட்டியல் போட்டு வச்சிருக்காங்க, இன்னைக்கும் நாத்து போடுறவங்க அதத்தான் பாக்குறாங்க. அதுல மொளகாவுக்கு மண்ணு 30 டிகிரின்னா 7, 8 நாளு, 25ன்னா 8, 9 நாளு, 20க்கு எறங்குனா 12, 13 நாளு, 15ன்னா 25 நாளு, 10 டிகிரில மொளைக்கவே இல்ல. கத்திரிக்கா 30ல 5 நாள்ல வந்துருது, 20ல 13 நாள் எடுக்குது. இதுல சிலி பாடி இயல்பாவே பெரிய மொளகாவ விட நிதானமா வர்றது, நல்ல சூட்டுலயே சில சமயம் 2, 3 வாரம் கூட எடுத்துக்கும், அப்ப உன் வீட்டு குளிருல அது அசையாம கெடக்குறதுல ஆச்சரியமே இல்ல.

ஏன் இப்படின்னா, காஞ்ச வெத தண்ணி குடிச்சு உப்புனதும் உள்ள என்சைம் எல்லாம் வேல செய்ய ஆரம்பிக்கும், சேத்து வச்சிருக்குற சாப்பாட்ட கரைச்சு உள்ள இருக்குற குட்டி வேருக்கு அனுப்பும். அந்த வேலைக்கு சூடு வேணும். மொளகா கத்திரி வெண்டி பாவக்கா எல்லாம் வெப்ப நாட்டு செடிங்க, குளிருல அதுங்களோட என்சைம் மந்தமாயிரும், வெத தண்ணிய குடிச்சிட்டு வேல நடக்காம சும்மா ஊறிக்கிட்டே கெடக்கும், அந்த நேரம் பாத்து பூஞ்சைக்கு கொண்டாட்டம். குளிரால மட்டும் வெத சாகாது, குளிரும் ஈரமும் சேந்து நாள் கணக்குல இழுத்தா தான் அழுகும்.

உங்க அம்மா வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் நடுவுல இருக்குறது ஒரு மல. 1,000 மீட்டர் மேல ஏறுனா சுமாரா 6 டிகிரி கொறையும், ரிங்லெட் அதுக்கும் கொஞ்சம் மேல தான் இருக்கு. அது காத்தோட சூடு. நெறைய பேரு தப்பு பண்றது இங்க தான், வீட்டுக்குள்ள 22 டிகிரி இருக்கு அப்ப மண்ணும் 22ன்னு நெனச்சிடுறாங்க. வீட்டுக்குள்ள மூடாம வச்ச ஈர மண்ணு காத்த விட குளிரா இருக்கும், ஏன்னா மேல இருந்து தண்ணி ஆவியா போயிட்டே இருக்கு, போறப்ப சூட்டையும் எடுத்துட்டு போவுது, மண்பான தண்ணி ஜில்லுனு இருக்குறதுக்கு எது காரணமோ அதே தான். நான் நம்பணும்னு ஒரு தடவ எங்க வீட்டு ஏர்கோண்ட் ரூம்ல ஒரு டிரே வச்சு, கறிக்குள்ள குத்தி பாப்பாங்கல்ல அந்த டிஜிட்டல் தெர்மாமீட்டர மண்ணுல குத்துனேன், ரூம் 23 டிகிரி, மண்ணு 19. நாலு டிகிரி வித்தியாசம். மேல ஒரு பிளாஸ்டிக்க இழுத்து மூடி காலையில பாத்தா மண்ணும் ரூமும் ஏறக்குறைய ஒண்ணாயிருச்சு. ஒரு காசு செலவு இல்லாம நாலு டிகிரி கெடைச்சுது. அதனால உனக்கு மொத வேல அது தான், டிரேய ரொட்டி வர்ற பிளாஸ்டிக் பைக்குள்ள நொழச்சு வாய மடிச்சு விடு, இல்லன்னா கிளிங் பிலிம் சுத்து. ஆவி வெளிய போகாது, மண்ணும் காயாது, மொளைக்கிற வரைக்கும் தண்ணி கூட ஊத்த வேணாம்.

ரெண்டாவது, ஜன்னல விட்டு எடு. பகல்ல வெளிச்சம் வருதுன்னு வைக்கிறோம், ஆனா ராத்திரி கண்ணாடி பக்கம் தான் வீட்டுலயே குளிரான எடம். மொளகாவும் கத்திரியும் மொளைக்க வெளிச்சத்த எதிர்பாக்காது, சூடு போதும். நம்ம கல்யாணத்துக்கும் அம்மன் திருவிழாவுக்கும் மொளப்பாரி போடுறப்ப என்ன பண்றோம், வெளிச்சம் படாத மூடுன ரூம்ல தான வைக்கிறோம். அதே மாதிரி பிரிட்ஜ் மேல, டிவிக்கு வைக்கிற ஆஸ்ட்ரோ டிகோடர் மேல, இப்படி லேசா சூடு வர்ற எடமா தேடு. கைய வச்சு பாத்தா இதமா இருக்கணும், சுடக்கூடாது. டிகோடர் மேல வைக்கிறதா இருந்தா தண்ணி ஒழுகாத தட்டு ஒண்ணு அடியில வச்சே ஆவணும், காத்து போற ஓட்டைய அடைக்காம ஒரு ஓரமா வை. இப்ப வர்ற புது பிரிட்ஜ்ல மேல அவ்வளவா சூடு வர்றதில்ல, தெர்மாமீட்டர வச்சு பாத்துட்டு முடிவு பண்ணு.

மூணாவது, இது தான் மலையில இருக்குறவங்களுக்கு நான் ரொம்ப நம்பி சொல்றது. பாசார்ல மீன் வர்ற வெள்ள பாலிஸ்டிரின் பெட்டி ஒண்ணு கேட்டு வாங்கி நல்லா கழுவி காய வை. டிரேய அதுக்குள்ள எறக்கி, பக்கத்துல ஒண்ணர லிட்டர் பாட்டில் ஒண்ணுல வெந்நி ஊத்தி துண்டுல சுத்தி படுக்க வச்சு மூடியப் போடு. கொதிக்கிற தண்ணிய அப்படியே ஊத்தாத, பாட்டில் சுருங்கிரும், ஒரு பங்கு கொதிச்ச தண்ணி ஒரு பங்கு பச்சத்தண்ணி கலந்தா சரியா இருக்கும். ராத்திரி படுக்க போறப்ப ஒரு தடவ, காலையில பசியாற தண்ணி காய்ச்சுறப்ப ஒரு தடவ மாத்துனா போதும். நடுவுல சூடு எறங்குதேன்னு பயப்படாத, வெத பரிசோதன பண்ற லேப்லயே கத்திரிக்கும் மொளகாவுக்கும் 16 மணி நேரம் 20 டிகிரி, 8 மணி நேரம் 30 டிகிரின்னு மாத்தி மாத்தி தான் வைக்கிறாங்க, ஏறி எறங்குறது இந்த வெதைங்களுக்கு பிடிக்கும். நாள் முழுக்க குளிரா இருக்குறது தான் ஆவாது.

சில பேரு அந்த பெட்டிக்குள்ள குண்டு பல்பு போட சொல்வாங்க. நான் சொல்ல மாட்டேன். அந்த நொர பெட்டி சூடு பட்டா உருகும், நெருப்பு பிடிச்சா நிக்காது, ராத்திரி எல்லாரும் தூங்குற வீட்டுல அது வேணாம். கரண்ட்டு தான் வேணும்னா நாத்துக்குன்னே விக்கிற சூடு பாய் இருக்கு, அத பத்தி கீழ ஒரு அம்மாவுக்கு எழுதிருக்கேன், படிச்சு பாரு.

இப்ப கெடக்குற டிரேய கொட்டிராத. ஒரு கத்திரி வெதைய தோண்டி எடுத்து நகத்தால லேசா அமுக்கு. கெட்டியா இருந்தா உயிரு இருக்கு, சூட்ட குடுத்தா வந்துரும். பிதுங்கி சீழு மாதிரி வெளிய வந்தா போயிருச்சு, புது வெத போடு. தண்ணி தெளிக்கிறப்ப பைப்பு தண்ணிய அப்படியே தெளிக்காம கொஞ்சம் வெந்நி கலந்து வெதுவெதுப்பா தெளி, உங்க ஊரு பைப்பு தண்ணி சேத்து வச்ச சூட்டையெல்லாம் ஒரே நிமிஷத்துல எறக்கிரும். மாமிக்கிட்ட இந்த பக்கத்த காட்டு.

கேள்வி: வணக்கம்க்கா, நானும் உங்க ஊரு தான், பத்தாங் பெர்ஜுந்தை, இப்ப பெஸ்தாரி ஜெயான்னு சொல்றாங்கல்ல. நம்ம ஊர்ல மண்ணு சூடு கொறையும்னு சொன்னா நம்ப முடியுமா? ஆனா பாவக்கா வெத ரெண்டு தடவ போட்டும் அழுகி போச்சு. பாலிபேக்ல போட்டு வெயிலு சூடு நல்லா படட்டும்னு பின்னாடி ஜிங்க் கூரைக்கு கீழ சிமெண்ட்டு தரையில வச்சேன். — வாசகர், தாமான் வீட்டுக்காரர்

பதில்: தம்பி, உங்களுக்கு நேரெதிர் பிரச்சன, சூடு கூடி போச்சு. கறுப்பு பாலிபேக்கு, கீழ சிமெண்ட்டு, மேல ஜிங்க், மத்தியானம் ஒரு மணிக்கு அந்த மண்ணுக்குள்ள வெரல விட்டு பாருங்க, வைக்க முடியாது. மொளகா 35 டிகிரி வரைக்கும் தாங்கும், 40ல மொளைக்கிறதே நின்னு போயிருது. பாவக்காவுக்கு 25ல இருந்து 30 வரைக்கும் நல்லா ஒத்து வரும். சூடுன்னா அடுப்பு சூடு இல்ல, கோழி முட்ட மேல ஒக்காந்திருக்குற மாதிரி ஒரே சீரான இதமான சூடு. நம்ம ஊர்ல அதுக்கு ஒண்ணுமே செய்ய வேணாம், வீட்டுக்குள்ள அடுப்படி ஓரமா ஃபேன் காத்து நேரா படாத எடத்துல வச்சா அதுவே போதும்.

பாவக்காவுல இன்னொரு விஷயம் இருக்கு, அதோட ஓடு கெட்டி. எங்க பாட்டி தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தப்ப வெதையோட கூர் முனைய நகவெட்டியில துளியூண்டு நறுக்கி, ஒரு ராத்திரி தண்ணில போட்டு, ஈரத்துணில முடிஞ்சு, வெறகு அடுப்புக்கு பக்கத்துல சாம்ப சூடு படுற தூரத்துல ஒரு சட்டியில வச்சு மூடிருவாங்க. பச்சப்பயறு மொளக்கட்டுற அதே கை தான். மூணு நாலு நாள்ல வெள்ள மூக்கு தெரியும், அந்த மூக்கு கீழ பாக்குற மாதிரி மண்ணுல வச்சிருவாங்க. இப்ப வெறகு அடுப்பு இல்ல, அந்த துணி முடிச்ச ஒரு டப்பாவுல போட்டு அலமாரிக்குள்ள வச்சாலே நம்ம ஊரு சூட்டுக்கு வந்துரும். துணி ஈரமா இருக்கணும், தண்ணி சொட்டக்கூடாது, சொட்டுனா வெத மூச்சு முட்டி தான் அழுகுது.

ஏர்கோண்ட் ரூம்ல படிக்கிற மேசையில தொட்டி வச்சு மொளைக்கலன்னு கேட்ட பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் இதே பதில் தான், ஹாலுக்கு மாத்துங்க.

கேள்வி: அம்மா, எம் மக இங்கிலாந்துல மான்செஸ்டர்ல வேலையா இருக்கா, பிளாட்டு வீடு. வெண்டி, மொளகா, முருங்க எல்லாம் வீட்டுக்குள்ளயே போடணும்னு ஆசப்படுறா. ஹீட்டர் மேல வச்சா காஞ்சு போயிருதாம், கீழ வச்சா வரலயாம். நான் இங்க இருந்து வெத அனுப்பலாமான்னும் சொல்லுங்க. — வாசகி, கோலசிலாங்கூர்

பதில்: மொதல்ல கடைசி கேள்விக்கு சொல்லிர்றேன், அனுப்பாதீங்கம்மா. நடவுக்கு போற வெதைய வெளிநாட்டுல இருந்து கொண்டு போறதுக்கு தாவர சுகாதார சான்றிதழ் கேப்பாங்க, அது இல்லாம கடுதாசி உறையில வச்சு அனுப்புறது தப்பு, பிடிச்சா அழிச்சிருவாங்க. ஆஸ்திரேலியாவுல பிள்ளைங்க இருக்குறவங்களுக்கும் சேத்து சொல்றேன், அங்க இன்னும் கறாரு. அங்கேயே வெண்டி வெதையும் மொளகா வெதையும் கடையில கெடைக்கும், வாங்கிக்க சொல்லுங்க.

அந்த ஊரு ஹீட்டர் ராத்திரி அணைஞ்சிரும், காலையில எரியும், மேல வச்ச டிரே பகல்ல வறுபட்டு ராத்திரி ஜில்லாயிரும், அதான் காஞ்சு போவுது. அவளுக்கு நான் சொல்றது சூடு பாய் தான், அங்க தோட்ட சாமான் கடைங்கள்ல சாதாரணமா கெடைக்கும், டிரேக்கு அடியில விரிக்கிறது, சின்னதுக்கு 20 வாட்ஸ் அளவு தான் கரண்ட்டு இழுக்கும். ரூம் சூட்ட விட ஒரு 5ல இருந்து 10 டிகிரி வரைக்கும் மண்ண ஏத்தி குடுக்கும், 18 டிகிரி ரூம்ல இருக்குற மண்ணு 26, 27க்கு வந்துரும். கூட தெர்மோஸ்டாட்டு ஒண்ணு வாங்க சொல்லுங்க, அது இல்லாம வெறும் பாய் மட்டும் போட்டா வெயில் அடிக்கிற நாள்ல மண்ணு தேவைக்கு மேல ஏறிரும். தெர்மோஸ்டாட்டுல ஒரு ஒயரும் அதோட நுனில குச்சி மாதிரி ஒண்ணும் இருக்கும், அந்த குச்சிய மண்ணுக்குள்ள வெத இருக்குற ஆழத்துல சொருகணும், மேசையில தொங்க விட்டா அது ரூம் காத்த அளந்துட்டு பாய அணைக்காம ஓட்டிக்கிட்டே இருக்கும். 28ல வச்சா மொளகாவுக்கும் வெண்டிக்கும் ரெண்டுக்கும் ஆவும். பாய்க்கு அடியில ஒரு அட்டையோ நொர பலகையோ போட்டா சூடு கீழ எறங்காம மேல போவும். வெண்டி வெதைய மொத நாள் ராத்திரி ஊற வைக்க சொல்லுங்க, அது 20 டிகிரி மண்ணுல 17 நாள் எடுத்துக்குற வெத, 30ல 7 நாள்ல வந்துரும்.

மொளைச்சதுக்கு அப்புறம் தான் அவ கவனமா இருக்கணும். பாதி வெத தல தூக்குனதுமே பாய விட்டு எடுத்துரணும், மூடியும் எடுத்துரணும். சூடு மட்டும் இருந்து வெளிச்சம் பத்தலன்னா செடி வெளிச்சத்த தேடி நூல் மாதிரி நீண்டு சாஞ்சிரும். அந்த ஊர்ல டிசம்பர்ல பகலே ஏழர மணி நேரம் தான், அந்த நேரத்துல போட்டுட்டு அழுவக்கூடாது. மொளகாவ பிப்ரவரி கடைசியில போடலாம், வெண்டிய ஏப்ரல்ல போடலாம், மார்ச் 20 வாக்குல பகலும் ராத்திரியும் சமமாயிரும், அதுக்கப்புறம் பகல் நீண்டுகிட்டே போவும். முருங்க மொளைக்கும்மா, 25க்கு மேல சூடு இருந்தா ரெண்டு வாரத்துக்குள்ள வந்துரும், ஆனா அந்த ஊரு பிளாட்டுல அது மரமா நின்னு காய் குடுக்காது, கீரைக்காக தொட்டியில குட்டையா கிள்ளி கிள்ளி வளக்கலாம், அதுவும் குளிர் காலத்துல இலைய கொட்டிரும். நான் அவளுக்கு மொளகாவும் கத்திரியும் தான் சொல்லுவேன், ஜன்னல் தொட்டியிலயே காய்க்கும், அம்மா வீட்டு சம்பல் வாசன அவளுக்கு அங்கேயே கெடைக்கும்.

கேள்வி: மூடி வச்ச டிரேயில வெள்ளையா பஞ்சு மாதிரி படருது, மொளைச்ச நாத்து அடியில சுருங்கி படுத்துருது, என்ன செய்ய? — வாசகர், ரவாங்

பதில்: நாத்தழுகல். மூடிய ஒடனே எடுங்க, தண்ணிய நிறுத்துங்க, லேசா காத்து பட வைங்க. படுத்தத காப்பாத்த முடியாது, பிடுங்கி தூர போடுங்க. அடுத்த தடவ தோட்டத்து மண்ண எடுக்காம தேங்கா நாரு தூள்ல போடுங்க, டிரேய சோப்பு போட்டு கழுவுங்க. சூட்ட சரியா குடுத்தா வெத சீக்கிரம் வெளிய வந்துரும், இந்த நோய்க்கு நேரமே கெடைக்காது.

கேள்வி: அக்கா, எங்க தாத்தா தோட்டத்துல வேல செஞ்சவரு. செம்பன கொட்டைய மொளைக்க வைக்க சூடு ரூம்ல மாசக் கணக்குல வச்சு எடுப்பாங்கன்னு சொல்றாரு. நெசமாவா? நான் பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு கேக்குறேன். — மாணவர், பெஸ்தாரி ஜெயா

பதில்: நெசம் தான்யா, தாத்தா சொல்றத நல்லா கேட்டு எழுதி வச்சுக்க. நீ ஒக்காந்திருக்குற எடத்துக்கும் இதுக்கும் நெருங்குன சொந்தம் இருக்கு, நம்ம நாட்டுல வியாபாரத்துக்குன்னு செம்பன மொதல்ல நட்டது 1917ல, நம்ம ஊருக்கு பக்கத்துல இருக்குற தென்னமரம் தோட்டத்துல தான். கண்காட்சி அட்டையில மொத வரியா அத போடு.

செம்பன கொட்ட ரொம்ப பிடிவாதம் பிடிச்சது. கீழ விழுந்தத அப்படியே விட்டா எப்ப மொளைக்கும்னு சொல்ல முடியாது, மாசக் கணக்குல ஒண்ணு ஒண்ணா வரும். ஒரு தோட்டம் முழுக்க நடணும்னா அது ஆவாதுல்ல, எல்லாம் ஒரே நேரத்துல வரணும். அதனால சத எல்லாம் எடுத்துட்டு கொட்டைய ஊற வச்சு, ஈரம் நூத்துக்கு 18 பங்கு அளவுல இருக்குற மாதிரி நெழல்ல உலத்தி, பிளாஸ்டிக் பையில கட்டி, 39, 40 டிகிரி சூடு உள்ள ரூம்ல 60 நாளுக்கு பக்கமா வச்சிருவாங்க. வாரத்துக்கு ஒரு தடவ பைய தொறந்து காத்து காட்டுவாங்க, கொட்டையும் மூச்சு விடணும்ல. அந்த சூட்டுல மொளைக்காது, அத கவனி. தூக்கம் கலையிறதுக்கு தான் அந்த சூடு. அப்புறமா வெளிய எடுத்து மறுபடியும் ஊற வச்சு ஈரத்த நூத்துக்கு 22 பங்குக்கு ஏத்தி, சாதாரண ரூம்ல வச்சா ரெண்டு வாரத்துல வெள்ள வெள்ளையா கண்ணு தொறக்கும். மேல மொளகாவுக்கு சொன்ன சூடும் இந்த சூடும் ஒண்ணு இல்ல, அது மொளைக்க வைக்கிற சூடு, இது எழுப்பி விடுற சூடு. கண்காட்சியில கேள்வி கேக்குற வாத்தியாருக்கு இந்த வித்தியாசத்த சொன்னா போதும்.

எங்க அப்பாவும் செம்பன நர்சரியில தான் இருந்தாரு. மொளைச்ச கொட்ட பை பையா வந்து எறங்குற நாளு, அவரு பிரட்டு, அதான் காலையில ஆள் கணக்கு எடுக்குறது, முடிஞ்சு நேரா அங்க போயிருவாரு, என்னையும் ஒரு தடவ கூட்டிட்டு போனாரு. கொட்டைய உள்ளங்கையில வச்சு காட்டுவாரு, ரெண்டு முன இருக்கும், ஒண்ணு கூர்மையா வேல் மாதிரி, அது மேல போற குருத்து. இன்னொண்ணு மொட்டையா நுனி லேசா பழுப்பேறி இருக்கும், அது வேரு. வேரு கீழ, வேலு மேல, தலகீழா வச்சா செடி உள்ளயே சுத்திக்கும்னு சொல்லி என் கையாலயே ஒண்ண பாலிபேக்ல வைக்க சொன்னாரு. கட்ட வெரலு ஒரு கணு போற ஆழம் தான் குழி. முடிஞ்சா உங்க தாத்தாவையும் கண்காட்சிக்கு கூட்டிட்டு போ.

கேள்வி: எல்லாரும் சூடு சூடுன்னு கேக்குறாங்க, எனக்கு சலாட் கீர (லெட்டூஸ்) வெத தான் வரமாட்டேங்குது. ஈஜோக்ல இருக்கேன். சூடு பத்தலயா? — வாசகி

பதில்: இல்ல தங்கச்சி, உங்களுக்கு குளிரு தான் வேணும். சலாட் கீர குளிர் நாட்டு செடி, மண்ணு 30 டிகிரிய தாண்டுனா மொளைக்கிறது கொறைஞ்சுகிட்டே வரும், 35ல ஒண்ணு கூட வராது, சூடு பட்டதும் வெத தன்னால அடங்கிக்கும். அதுக்கு நம்ம ஊரு பகல் ஆவாது. ஒரு டப்பாவுல ஈர டிஷ்யூ விரிச்சு வெதைய மேலாப்புல தூவி, மூடி, பிரிட்ஜ்ல கீழ் தட்டுல ரெண்டு மூணு நாள் வைங்க, அப்புறம் எடுத்து அடுப்படி டைல்ஸ் தரையில, வீட்டுலயே குளிர்ச்சியான மூலையில, கொஞ்சம் வெளிச்சம் படுற மாதிரி வைங்க. இந்த வெதைய மண்ணுல பொதைக்கக்கூடாது, வெளிச்சம் பட்டா தான் நல்லா வரும், மேல லேசா அமுக்கி விட்டா போதும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் போட்டா ராத்திரி குளிரு மொத்தமும் அதுக்கு கெடைக்கும்.

மேல ரிங்லெட்ல இருந்து எழுதுன பொண்ணு இதையும் படிச்சுக்க, மொளகா வராத அதே ஜன்னல் ஓரம் சலாட்டுக்கு அருமையான எடம், மண்ணு 15 டிகிரி இருந்தாலே 4 நாள்ல வந்துரும். தங்கச்சி, நீங்க பிரிட்ஜ்ல இருந்து எடுத்த அப்புறம் டப்பாவ தெனமும் தொறந்து பாருங்க, மயிர் கனத்துக்கு வெள்ள வேரு தெரிஞ்சதுமே எடுத்து நட்டுரணும், ஒரு நாள் விட்டாலும் வேரு டிஷ்யூக்குள்ள பூந்து பின்னிக்கும், அப்படி ஆயிருச்சுன்னா பிய்க்காதீங்க, டிஷ்யூவோட சேத்து கிள்ளி அப்படியே மண்ணு மேல வச்சிருங்க.